திருடி நட்ட வயர்

பொத்தையடிக் காலனியில் மின்கம்பங்கள் அரசாங்கத்துக்குச் சொந்தம், கம்பங்களுக்கு அடியில் கிடக்கும் மண் பேரூராட்சிக்குச் சொந்தம், கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிற காற்று மட்டும் கேபிள் அண்ணாச்சிக்குச் சொந்தம் என்பது அங்கே பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம்; அந்தக் காற்றில் அவரைக் கேட்காமல் காக்கா பறக்கலாம், பட்டம் பறக்கலாம், கோயில் கொடைக்குப் போடுகிற வெடியின் புகை போகலாம், ஆனால் வேறொருவனுடைய வயர் போகக் கூடாது. இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவள் இசக்கியம்மாள் ஒருத்திதான்.

அண்ணாச்சியின் முழுப்பெயர் சிவனணைந்த பெருமாள். அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. காலனி வீடுகளில் டிவிப் பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக மழை மட்டுமே பெய்துகொண்டிருந்த காலத்தில், தோளில் வயர்ச் சுருளை மாட்டிக்கொண்டு கம்பம் கம்பமாக ஏறி, முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு படத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். ஒரு வீட்டில் துஷ்டி விழுந்தால் அவராகவே வந்து கனெக்‌ஷனைக் கழற்றிவிட்டுப் போவார், காரியம் முடிந்த அன்று அவராகவே வந்து மாட்டுவார். துக்கத்துக்கு எவ்வளவு நாள் என்பதுகூட அவர் கையில் இருந்தது. பிறகு இன்டர்நெட் என்று ஒன்று வந்தபோது அதையும் அதே வயரோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். அது விளக்கு வைக்கிற நேரமானால் படுத்துக்கொள்ளும். யாராவது வாய் திறந்தால், இந்தத் தெருவுக்குக் கண்ணைக் கொடுத்தவன் நான் என்பார். கண்ணைக் கொடுத்தவரிடமே போய் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்ல எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது.

இசக்கிக்குக் கூச்சம் கிடையாது. டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள் அவள்; காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சேலைகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டு, வாங்க வந்தவள் யார், பொழுதுபோக்க வந்தவள் யார் என்று விரல் படுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறவள். கல்யாணம் கேட்டு வந்தவர்களையும் அப்படியே கண்டுபிடித்து அனுப்பிவைத்ததால் தனியாக இருந்தாள். அவளுக்கென்று உலகத்தில் இருந்தது ஒரு தங்கச்சி, பேச்சியம்மாள்.

பேச்சி என்று குலசாமி பெயரை வைத்த பிறகுதான் பிள்ளைக்குக் காது கேட்காது, பேச்சு வராது என்று தெரிந்தது. பெயரை மாற்றிவிடு, கேலியாகிப் போகும் என்று உறவுக்காரர்கள் சொன்னபோது, சாமி மாறினால் பெயரை மாற்றுகிறேன் என்று அவர்களுடைய அப்பா சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் தூரமாக இருந்ததால் அக்காவும் தங்கச்சியும் தாங்களாகவே ஒரு கை பாஷை உண்டாக்கிக்கொண்டார்கள். காது மடலைத் தேய்த்தால் இசக்கி, முகத்தில் நாடியைத் தொட்டால் பேச்சி, கழுத்திலிருந்து கயிறு இழுப்பதுபோல் இழுத்தால் கேபிள் அண்ணாச்சி, மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் நான் இருக்கிறேன். கோபத்துக்கு ஏழெட்டு வகை வைத்திருந்தார்கள், பசிக்கு அதைவிட அதிகம். உலகத்தில் அந்தப் பாஷையை முழுதாகப் பேசுகிறவர்கள் இரண்டே பேர், அந்த இரண்டு பேரில் ஒருத்தி இப்போது சூரத்தில் இருந்தாள்.

பேச்சியைக் கட்டிக்கொண்ட தளவாயும் காது கேட்காதவன், அம்பாசமுத்திரத்துக்காரன், சூரத்தில் சேலை மடிக்கிற இடத்தில் வேலை. அவன் பள்ளிக்கூடத்துச் சைகை படித்தவன், இவளுடையது வீட்டுச் சைகை; பாதிக்குப் பாதி புரியும், மீதியை ஆசையினால் சரிக்கட்டிக்கொண்டார்கள். அவன் மடித்து அனுப்பிய சேலைகள் சில வேளை இசக்கியின் கைக்கே வந்து பிரியும். ஆனால் சேலை பேசாது. காலனி ஒரு பாறைப் பொத்தைக்கு அடியில் ஒளிந்து கிடந்ததால் அங்கே கைப்பேசிக்குக் குரல் மட்டும் வரும், குறுஞ்செய்தி வரும், படம் வராது; டவுனில் கடைப் படிக்கட்டில் நின்று பேசலாம் என்றால் ஒரு கை போனைப் பிடித்துக்கொள்ளும், மிச்சமிருக்கிற ஒரு கையால் பேசுவது அரை நாக்கால் பேசுகிற மாதிரி. வீட்டில் அரிசித் தூக்கில் போனைச் சாய்த்துவைத்து இரண்டு கையாலும் பேசலாம் என்று உட்கார்ந்தால், அண்ணாச்சியின் இன்டர்நெட்டில் பேச்சியின் கை பாதிச் சொல்லில் அப்படியே நின்றுவிடும். நின்ற கையை வெறித்துப் பார்த்துக்கொண்டு இசக்கி சோறு ஆறிப்போக உட்கார்ந்திருப்பாள். இந்த நேரத்தில்தான் பேச்சி வயிற்றைத் தொட்டு, விரலை மடக்கி மாதக் கணக்குச் சொன்னாள், கணக்கு முடிவதற்குள் கை நின்றது.

மறுநாள் இசக்கி அண்ணாச்சியிடம் போனாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சத்தமே வேண்டாத ஊமைக்கு எந்த லைன் வந்தா என்னட்டீ, போட்டோவ அனுப்பு, பாத்துக்கிடுவா" என்றார்.

இசக்கிக்கு உச்சந்தலை காந்தியது. திரும்பி வந்து, வீட்டிலிருந்த அவருடைய இன்டர்நெட் டப்பாவைக் கழற்றி, துடைத்து, ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு அவர் வீட்டுக் கேட்டில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

டவுனில் இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் கடை வாசலிலேயே குடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். இசக்கி ஒவ்வொரு குடையாகப் போய் நின்றாள். வேகம் எவ்வளவு, கூடவே இலவசமாக என்னென்ன படம் பார்க்கலாம் என்று அவர்கள் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தி, தன்னுடைய இரண்டு கையையும் அவர்கள் மூஞ்சிக்கு முன்னால் மடமடவென்று ஆட்டிக் காட்டி, இது இப்படியே, ஒரு விரல் குறையாமல், சூரத்துக்குப் போய்ச் சேருமா என்று கேட்டாள். முதல் ஆள் சிரித்தான். இரண்டாவது ஆள், கண்டிப்பாக, நூறு சதவீதம் என்றான். சாயம் போகாது என்று தானே தினமும் சொல்கிற குரல் அவளுக்குத் தெரியாதா, நகர்ந்துவிட்டாள். மூன்றாவது குடையில் இருந்த பீர் முகம்மது மட்டும் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியலக்கா. போட்டுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். ஆனா ஒங்க ஏரியாவுல கம்பத்துல ஏற விடமாட்டாங்களே" என்றான்.

"நீ ஏறு. நான் கீழ நிக்கேன்" என்றாள் இசக்கி.

அப்படித்தான் வயர் வந்தது. பீர் முகம்மது கம்பம் கம்பமாக ஏற, ஒவ்வொரு கம்பத்துக்குக் கீழேயும் இசக்கி இடுப்பில் கைவைத்து நிற்க, காலனி முழுக்கக் கதவை ஒருக்களித்துவைத்து வேடிக்கை பார்த்தது. ரவுட்டரை எங்கே வைப்பது என்று பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி வந்து யோசனை சொன்னாள்: விளக்கு எரிகிற சாமான், அக்னி மூலையில்தான் வைக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வை, அதிலிருந்து கதிர் வருமாம், சாமிக்கு ஒன்றும் செய்யாது என்றாள். இசக்கி அரிசித் தூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். வைஃபைக்குப் பெயர் என்ன போட என்று பீர் முகம்மது கேட்டபோது பேச்சி என்று போடச் சொன்னாள். பச்சை விளக்கு எரிந்ததும் செண்பகவல்லி டப்பாவின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள்.

அன்று சாயங்காலம் பேச்சியின் கைகள் முழுதாக வந்தன. பத்து விரலும், விரலுக்கு நடுவில் இருக்கிற இடமும், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் அவள் மூச்சு விடுவதும்கூட வந்தது. இசக்கி அழுதுகொண்டே திட்டினாள், பேச்சி சிரித்துக்கொண்டே திட்டினாள், இடையில் எட்டிப் பார்த்த தளவாயை இரண்டு பேரும் சேர்ந்து திட்டினார்கள்.

மறுநாள் விடிந்தபோது வயர் கம்பத்தடியில் வெட்டுப்பட்டுக் கிடந்தது. யார் வெட்டியது என்று கேட்க அவசியமே இல்லை, வெட்டினவரே வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இசக்கி பீர் முகம்மதுவுக்குப் போன் போட்டாள். அவன் ஒட்டுப் போடுகிற மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, ஒட்ட வேண்டாம்க்கா, துளுத்திருக்கு என்றான். வெட்டுப்பட்ட நுனியில் வெளிர்ப்பச்சையாக ஒரு கொழுந்து சுருண்டிருந்தது. அவன் ஏணியை மடக்கி டீ குடித்து முடிப்பதற்குள் அது எதிர்நுனியைத் தொட்டுச் சுற்றிக்கொண்டது, உள்ளே ரவுட்டரில் பச்சை எரிந்தது. பீர் முகம்மது நடந்ததை நடந்தபடி கம்பெனிக்கு எழுதிப் போட்டான். உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது, நன்றி என்று பதில் வந்தது.

அண்ணாச்சி மறுபடியும் வெட்டினார். வெட்டிய இடத்தில் இரண்டாகக் கிளைத்தது. இரண்டையும் வெட்டினார், நாலாயிற்று. பத்துப் பன்னிரண்டு நாளில் அது கம்பத்தைச் சுற்றி, இசக்கி வீட்டு மதிலில் படர்ந்து, ஜன்னல் கம்பியில் ஏறி, ஒரு கிளையைக் கீழே இறக்கிச் செம்பருத்தித் தொட்டியில் வேரும் பிடித்துவிட்டது. நாணயத்தைவிடச் சின்ன இலைகள், இலை நரம்பெல்லாம் கண்ணாடி, பொழுது சாய்ந்தால் நரம்பு வழியாக வெளிச்சம் ஓடும். காலனிக்கு இது வேறு எதையும்விடப் பெரிய விஷயமாகப் படவில்லை, இதற்கு என்ன தண்ணீர் ஊற்றுவது என்பதுதான் பேச்சாக இருந்தது. அரிசி கழுவின கழனித் தண்ணீர் ஊற்றினால் படம் தெளிவாக வருகிறது, குழாய்த் தண்ணீர் ஊற்றினால் சுற்றுகிறது என்று கடைசியில் முடிவாயிற்று. முக்கு வீட்டு ஆடு ஒரு கொத்து இலையை மேய்ந்துவிட்டு, அன்றிலிருந்து கூப்பிட்ட குரலுக்கு வராமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒருத்தி பருப்பில் போட்டுக் கடைந்தும் பார்த்தாள், கரிக்கிறது, பிள்ளைகளுக்கு ஆகாது என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சியின் இன்டர்நெட்டில் அவதிப்பட்டது இசக்கி மட்டுமா? துபாயில் மகன் இருந்தவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தவர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து, கொஞ்சம் பாஸ்வேர்டு சொல்லேன் என்று கேட்டார்கள். இசக்கி சொன்னாள். அது அவர்களுக்கு வேலை செய்யவில்லை. சரி, ஒரு கிளை ஒடித்துத் தருகிறேன், உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று, வெற்றிலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, அதன் மேல் கிளையை வைத்து நல்ல நாள் பார்த்துக் கொடுத்தாள். கொடுத்த கிளையெல்லாம் அன்றைக்கே வாடிக் கருகியது. கேட்டு வாங்கினவர்களுக்கு அது கண்ணைத் திறக்கவில்லை.

செண்பகவல்லிதான் கண்டுபிடித்தாள். அவள் வீட்டு ஜன்னலில் பாட்டிலில் வைத்த மணி பிளான்ட் கூரையைத் தொட்டு நின்றது, அதை அவள் தாலுகா ஆபீஸ் வராந்தாவிலிருந்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்திருந்தாள். மணி பிளான்ட் திருடிவைத்தால்தான் வளரும் என்பது எந்தப் பொம்பளைக்குத்தான் தெரியாது. அதே சாதிதான் இதுவும் என்று அவளுக்குப் பட்டது. அன்று விடியலில் பூனை மாதிரி வந்து ஒரு கிளையைக் கிள்ளிக்கொண்டு போய்ச் சட்டியில் நட்டாள், அடுத்த நாள் துளிர்த்தது, அண்ணாச்சி கொடுத்திருந்த பழைய டப்பாவிலேயே கொடியின் நுனியைச் செருகினாள், டப்பா ஒரு மறுப்பும் சொல்லாமல் பச்சையாக எரிந்தது.

அதற்குப் பிறகு காலனியில் திருட்டுக்கு ஒரு முறை உண்டாயிற்று. இசக்கி மதிலின் மேல் ஒரு கத்தரிக்கோலை வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். திருட வருகிறவள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது, கிளையைப் பார்த்து ஆசையாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. மறுநாள் காலையில் இசக்கி தெருவில் வந்து நின்று, எவ அவ, எங்க வீட்டுக் கொடிய வெட்டினவ, அவ கை விளங்குமா என்று ஒரு பாட்டம் திட்ட வேண்டும். திட்டாவிட்டால் அது திருட்டாகாது, வேர் பிடிக்காது. திருடினவள் அந்த நேரத்தில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டு, யாருக்கா இப்படிப் பண்ணுதா என்று கூடச் சேர்ந்து கேட்க வேண்டும். துணிச்சலுக்குத் தக்க வளர்ச்சி என்பதும் சீக்கிரமே தெரிந்தது: இருட்டில் பயந்து பயந்து கிள்ளியது மெதுவாக வந்தது, இசக்கி வாசலில் தலை சீவிக்கொண்டிருக்கும்போதே அவள் எதிரில் வந்து வெட்டியது உலை கொதிப்பதற்குள் துளிர்த்தது. திருட்டுப் போகிறது என்று அண்ணாச்சி கொடுத்த புகாருக்கு விசாரிக்க வந்த ஏட்டையா, திருட்டுக் கொடுத்தவள் அல்லவா புகார் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, போகும்போது சட்டைப் பை கொஞ்சம் புடைத்திருக்கப் போனார்.

கைப்பேசியில் வைஃபை தேடினால் காலனியின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன, செண்பகம், மைக்கேல் இல்லம், பொத்தை ராஜா, தொடாதே என்று அவரவர் இஷ்டத்துக்கு. கனி என்று ஒரு பெயரும் இருந்தது. அது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை, திருடினவளைப் போய்க் கேட்கவும் கூடாதே.

அண்ணாச்சி வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். கம்பத்தில் ஏறிச் சிராய்த்த முழங்கையைத் தடவிக்கொண்டு, நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அவருக்கும் வலித்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தான் கொடுத்ததற்காக அடுத்தவன் காலமெல்லாம் குனிந்தே நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவருக்கு வலித்தால் வலிக்கட்டும். வெட்டினால் கிளைக்கிறது என்று அவருக்கும் புரிந்தது. வெட்டுவதை நிறுத்தினார். எல்லாரும் அவர் அடங்கிவிட்டார் என்று நினைத்தார்கள்.

ஐப்பசிக் கொடை வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் காலனியே அம்மன் கோயிலில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது, நையாண்டி மேளம் பாறையில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் அண்ணாச்சி இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு, மூட்டை உப்பைக் கரைத்த தண்ணீரை டிரம்மில் வைத்து உருட்டிக்கொண்டு, வீடு வீடாக, சட்டி சட்டியாக, வேர் வேராக ஊற்றிவிட்டுப் போனார். இசக்கி வீட்டுச் செம்பருத்தித் தொட்டியில் டிரம்மின் அடி வண்டல் வரை கவிழ்த்தார். பொங்கல் பானையோடு திரும்பி வந்தவர்கள் தெருவெல்லாம் கண்ணாடி நொறுங்கின மாதிரி இலை உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

இசக்கி பானையை இறக்கிவைத்த நேரத்தில் தளவாயிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. பேச்சிக்கு வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் யார் என்ன சொல்லுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. பயந்து கையை மூடிக்கொண்டாள். யாரையும் தொட விடவில்லை. மதினி, நீங்கள் வர வேண்டும்.

கையை மூடிக்கொண்டாள் என்றால் என்ன என்று இசக்கிக்குத்தான் தெரியும். சின்ன வயதில் அப்பா செத்த அன்று பேச்சி இரண்டு கையையும் முஷ்டியாக மூடிக்கொண்டு, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தாள். அந்த முஷ்டியைத் திறக்கவைக்க இசக்கி ஒருத்தியால்தான் முடிந்தது, அதுவும் அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, மணிக்கட்டை அழுத்தி அழுத்திக் காட்டிய பிறகு. டவுனுக்கு பஸ் ஏறிப் போய் அரை நாக்கால் பேசுவதற்குள் அங்கே என்ன ஆகுமோ. செண்பகவல்லியும் மற்றவர்களும் சுற்றி நின்று அண்ணாச்சியின் ஏழு தலைமுறையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், திட்டினால் பச்சை எரியவா போகிறது.

இசக்கி கைப்பேசியைத் திறந்து பெயர்களைப் பார்த்தாள். எல்லாப் பெயரும் போயிருந்தது. ஒன்று மட்டும் நின்றது. கனி.

அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். தெற்கே போனால் மங்கியது, வடக்கே வந்தால் தெளிந்தது, அண்ணாச்சி வீட்டுக் கேட்டுக்கு முன்னால் முழுதாக நின்றது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊரில் எல்லார் வீட்டிலும் சோதனை போட்டு வேரைத் தேடி உப்பு ஊற்றின மனிதர், தன் வீட்டை மட்டும் தேடிப் பார்க்கவில்லை. எதற்குத் தேடப் போகிறார், அது அவர் வீடல்லவா.

அண்ணாச்சி கொல்லைக் குழாயடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, கையிலிருந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். இசக்கி கேட்டைத் திறந்து, வெளிப்பக்கமாகப் போகிற மாடிப்படியில் ஏறினாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு பழைய சிமெண்ட் சட்டியிலிருந்து ஆளுயரத்துக்குத் தழைத்து நின்றது கொடி. அதன் நுனி ஒரு பழைய டப்பாவில் செருகியிருந்தது; பக்கத்தில் ஒரு மரப்பலகை, உட்கார்ந்து உட்கார்ந்து மழமழத்துப் போயிருந்தது. அண்ணாச்சியின் சம்சாரம் கையில் வத்தல் அள்ளுகிற சொளகோடு எதிரே நின்றாள். அவள் பெயர் ராஜகனி என்பது காலனியில் பாதிப் பேருக்குத் தெரியாது, எல்லாருக்கும் அவள் அண்ணாச்சி சம்சாரம்தான். வேற்று சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போன மகளின் பெயரை அந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லிப் பல வருஷமாயிற்று.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது, கேட்டாலும் கொடுத்தாலும் கருகிவிடும். இசக்கியின் கையிலிருந்த போனையும் முகத்தையும் ராஜகனி பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரின் மேல் கிடந்த கத்தரிக்கோலை அப்படியே விட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"வத்தல் எடுக்க வந்தேன். வெயில் இந்தப் பக்கம்லா இருக்கு. அந்தப் பக்கம் காக்கா வந்தாலும் கழுகு வந்தாலும் நான் திரும்பப் போறதில்ல."

சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு, காயாத வத்தலையெல்லாம் அள்ள ஆரம்பித்தாள்.

இசக்கி வெட்டினாள். ஒளித்துக்கொள்ளவில்லை, முந்தானையில் மூடவில்லை, கிளையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். அண்ணாச்சி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே பொங்கல் வாசனையோடு காலனி கூடியிருந்தது. மேளம்கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

"என்னட்டீ கையில?" என்றார் அண்ணாச்சி.

"திருடினது அண்ணாச்சி," என்றாள் இசக்கி. "ஒங்க வீட்டுலதான்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, வெட்டின கிளையின் முனையில் கொழுந்து வெடித்தது. நடக்க நடக்க அது அவள் விரலில் சுற்றி, மணிக்கட்டில் சுற்றி, முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறியது. இலை இலையாக விரிந்தது, பட்டப்பகலிலும் நரம்புகளில் வெளிச்சம் ஓடியது. மண்ணும் கேட்கவில்லை, கழனித் தண்ணீரும் கேட்கவில்லை. அண்ணாச்சி இரண்டடி எடுத்துவைத்தார், நின்றுவிட்டார். அதைப் பிடுங்க வேண்டுமானால் அது தன் வீட்டில்தான் வளர்ந்தது என்று அத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டும். மெல்லத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். அங்கே அவர் சம்சாரம் சொளகை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், கீழே இறங்கவில்லை.

கூட்டம் வழிவிட்டது. இசக்கி வீட்டுக்குள் போய், தோளிலிருந்து தொங்கின நுனியை ரவுட்டரில் செருகினாள். பச்சை எரிந்தது. அரிசித் தூக்கில் போனைச் சாய்த்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சி சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள். தளவாய் போனை அவள் கண்ணுக்கு நேரே கொண்டுபோனான். இசக்கி, கொடி சுற்றிய கையும் சுற்றாத கையுமாக, காது மடலைத் தேய்த்தாள், நாடியைத் தொட்டாள், மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நான் இருக்கிறேன். நான் இருக்கிறேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பேச்சியின் வலது கையில் சுண்டுவிரல் திறந்தது, மோதிரவிரல் திறந்தது, கை முழுதும் திறந்தது, திறந்த கை முதலில் கேட்டது ஏன் இவ்வளவு நேரம் என்பதுதான், கோபத்தில் ஆகப் பெரிய வகையில். இசக்கி சிரித்துவிட்டாள். அப்புறம் இரண்டு கையும் ஓயவில்லை. வலி எப்போது ஏறும், எப்போது இறங்கும், அந்த நர்ஸ் கையை ஏன் வயிற்றில் வைக்கிறாள், இப்போது முக்கு, இப்போது விடு என்று, சூரத்துக்காரிகள் ஜாடையாகக் காட்டியதையெல்லாம் இசக்கி அவர்கள் இரண்டு பேருடைய பாஷைக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தாள். ஜன்னலில் செண்பகவல்லியும் மற்றவர்களும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு விரல் குறையாமல் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் பெண்குழந்தை பிறந்தது. பேச்சி களைத்துப்போய்ச் சாய்ந்திருந்தாள், குழந்தைக்கு அவள் ஒரு பெயர் வைத்தாள்: மூடிய முஷ்டியிலிருந்து ஒரு விரல் சுருண்டு மேலே எழும்புகிற மாதிரி. அந்தப் பாஷையைப் பேசுகிறவர்கள் உலகத்தில் இனி மூன்று பேர்.

மறுநாள் காலையில் காலனி வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வீட்டுக் கேட் திறந்தது. ராஜகனி நடுத்தெருவுக்கு வந்து நின்றாள். இந்த முப்பது வருஷத்தில் அவள் குரலை யாரும் தெருவில் கேட்டதில்லை. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எவ அவ," என்று ஆரம்பித்தாள், "எங்க வீட்டுக் கொடிய வெட்டினவ? நான், எம் மவ மீனலோசனிகிட்ட பேசணும்னு ஆசையாத் திருடி வளத்த கொடி. அவ கை விளங்குமா?"

வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, பல வருஷத்துக்குப் பிறகு மகளின் பெயரைத் தெருவே கேட்கக் கேட்டார். கையிலிருந்த பேப்பரை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார், அதைத் திருப்பவில்லை. ராஜகனி நிறுத்தவில்லை, முறைப்படி ஒரு பாட்டம் முழுதாகத் திட்டி முடித்தாள், திட்டத் திட்ட அவள் முகம் பூரித்துக்கொண்டே போனது.

"யாருக்கா இப்படிப் பண்ணுதா," என்று கோலப்பொடியும் கையுமாக எழுந்து நின்று கேட்டாள் இசக்கி. பிறகு உள்ளே போய்த் தன் கத்தரிக்கோலை எடுத்துவந்து, அண்ணாச்சி உட்பட யாருக்கும் கண்ணில் படுகிற மாதிரி மதிலின் மேல் வைத்துவிட்டு, கோலத்தை முடிக்க உட்கார்ந்தாள்.